ஐஎஸ்ஓ 27001, சாக் 2: எதை முதலில் எடுப்பது?

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து வெளிநாட்டுக்கு மென்பொருள் விற்கும் ஐம்பது பேர் நிறுவனத்துக்கு இந்தக் கேள்வி விற்பனைப் பிரிவிலிருந்துதான் வரும். ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகும் நேரத்தில் வாடிக்கையாளரின் பாதுகாப்புக் குழு, நீங்கள் தகவல் பாதுகாப்பை ஒழுங்காகக் கவனிக்கிறீர்கள் என்று வெளியாள் தணிக்கை செய்து தந்த ஒரு காகிதம் கேட்கும். அமெரிக்க நிறுவனம் என்றால் சாக் 2. ஐரோப்பா, ஜப்பான், இந்திய வங்கி என்றால் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 27001. எது மேல் என்று விசாரித்தால், "உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான், யார் கேட்கிறார்களோ அதை எடுங்கள்" என்பார்கள்.

கட்டுப்பாடுகளின் பட்டியலை மட்டும் பார்த்தால் அந்தப் பதில் சரி. அணுகல் உரிமை, பேக்கப், மென்பொருள் மாற்றங்களுக்கு ஒப்புதல், சம்பவங்களைக் கையாளுதல், வெளி நிறுவனங்களைச் சரிபார்த்தல் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் எழுதி வைத்தபடி ஒன்று நடக்காமல் போனால் என்ன ஆகும் என்ற இடத்தில் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன. எதை முதலில் எடுப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கையில் கிடைப்பது என்ன

ஐஎஸ்ஓ 27001 தருவது சான்றிதழ். நடப்பில் இருப்பது 2022 பதிப்பு; 2013 பதிப்பிலிருந்து மாறுவதற்கான அவகாசம் 2025 அக்டோபர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இதில் 4 முதல் 10 வரையிலான பிரிவுகள் கட்டாயம். இடர் மதிப்பீடு, உள்தணிக்கை, மேலாண்மை மறுஆய்வு, திருத்த நடவடிக்கை எல்லாம் அங்கே இருக்கின்றன. இணைப்பு ஏ-வில் 93 கட்டுப்பாடுகள்: நிறுவன அளவில் 37, பணியாளர் தொடர்பாக 8, கட்டடம், கருவிகள் சார்ந்து 14, தொழில்நுட்பம் சார்ந்து 34. உங்களுக்குப் பொருந்தாததை விலக்கிக்கொள்ளலாம். ஆனால் ஏன் விலக்கினீர்கள் என்பதை எஸ்ஓஏ (எந்தக் கட்டுப்பாடு பொருந்தும், எது பொருந்தாது என்ற பட்டியல்) என்று எல்லோரும் சொல்லும் ஆவணத்தில் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். முதல் கட்டத் தணிக்கை ஆவணங்களுக்கு, இரண்டாம் கட்டம் நடைமுறைக்கு. தேறினால் சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். இடையில் ஆண்டுக்கு ஒரு கண்காணிப்புத் தணிக்கை.

சாக் 2-ல் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. "நாங்கள் சாக் 2 சர்டிஃபைட்" என்று வலைத்தளத்தில் போட்டிருப்பவர்கள் தங்கள் சொந்த அறிக்கையைப் படிக்கவில்லை என்று அர்த்தம். இது அமெரிக்கக் கணக்காளர் அமைப்பான ஏஐசிபிஏ வகுத்த அளவுகோலின்படி, அங்கே உரிமம் பெற்ற சிபிஏ (கணக்குத் தணிக்கை) நிறுவனம் கையெழுத்திட்டுத் தரும் அறிக்கை. பாதுகாப்பு, கிடைக்கும்நிலை, செயலாக்க நேர்மை, ரகசியம், தனியுரிமை என்று ஐந்து வகை. பாதுகாப்பு மட்டும் கட்டாயம், மற்றவை உங்கள் விருப்பம். டைப் 1 ஒரு குறிப்பிட்ட தேதியில் கட்டுப்பாடுகள் சரியாக வடிவமைக்கப்பட்டிருந்தனவா என்று சொல்லும். டைப் 2 ஒரு காலம் முழுக்க, வழக்கமாக 3 முதல் 12 மாதம், அவை உண்மையில் வேலை செய்தனவா என்று சொல்லும்.

ஐஎஸ்ஓ தேர்ச்சிச் சான்று என்றால், சாக் 2 மதிப்பெண் பட்டியல். வாடிக்கையாளர் ஒவ்வொரு வரியையும் படிப்பார்.

ஒரே தவறு, இரண்டு விளைவு

உங்கள் கொள்கையில், "வேலையை விட்டுப் போகிறவரின் கணக்குகள் 24 மணி நேரத்தில் முடக்கப்படும்" என்று இருக்கிறது. ஒரு டெவலப்பரின் கடைசி வேலைநாள் 14-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. எச்ஆர் திங்கட்கிழமைதான் டிக்கெட் போடுகிறது. கூகுள் கணக்கு 17-ஆம் தேதி முடக்கப்படுகிறது. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்-க்கு அவரிடம் இருந்த அணுகல் சாவியை யாரும் தொடவே இல்லை. மின்னஞ்சலை முடக்கினால் எல்லாம் முடங்கிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். ஒற்றை உள்நுழைவு (ஒரே கணக்கால் பல சேவைகளுக்குள் போவது) வழியாகப் போகும் சேவைகளுக்கு அது உண்மை. தனியாக உருவாக்கிய சாவிகளுக்கும், நிரலைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் டெவலப்பரின் சொந்தக் கணக்குக்குத் தரப்பட்ட உரிமைக்கும் அது பொருந்தாது.

இதைப் பிடிக்கத் தணிக்கையாளர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எச்ஆர் கொடுத்த விலகியோர் பட்டியலையும் கணக்கு முடக்கிய பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஐஎஸ்ஓ தணிக்கையில் இது பெரும்பாலும் சிறு இணக்கமின்மை, அதாவது மைனர் என்சி. காரணம் என்ன, எப்படிச் சரிசெய்வீர்கள் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். ஏற்கப்பட்டால் சான்றிதழ் வந்துவிடும். அதில் அந்த டெவலப்பரைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. அடுத்த ஆண்டு வந்து, சொன்னபடி செய்தீர்களா என்று பார்ப்பார்கள். செய்யவில்லை என்றால் அது மேஜர், அதாவது பெரும் இணக்கமின்மை ஆகிவிடக்கூடும்.

சாக் 2 டைப் 2-ல் அது எக்ஸெப்ஷன், அதாவது விதிவிலக்காகப் பதிவாகும் தவறு. சோதித்த மாதிரிகளில் ஒன்று குறித்த நேரத்துக்குள் முடக்கப்படவில்லை என்று அறிக்கையின் நான்காம் பகுதியில் அச்சாகும். இன்றைக்கே சாவியை அழித்தாலும் அந்த வரி போகாது, ஏனென்றால் காலம் முடிந்துவிட்டது. நிர்வாகத்தின் பதில் என்று சில வரி விளக்கம் சேர்க்கலாம், அதைத் தணிக்கையாளர் சோதித்துச் சொன்னதாக ஆகாது. ஒரு எக்ஸெப்ஷனால், தணிக்கையாளர் கடைசியில் சொல்லும் முடிவான கருத்துரை கெட்டுவிடாது. பல நிறுவனங்களின் நல்ல அறிக்கையிலும் ஒன்றிரண்டு இருக்கும். ஆனால் அளவுகோலே எட்டப்படவில்லை என்று தணிக்கையாளர் கருதும் அளவுக்கு அவை சேர்ந்தால் கருத்துரை 'குவாலிஃபைட்' ஆகும். பட்டம் மாதிரி காதில் விழும் சொல் அது. தணிக்கை மொழியில் குறை சொல்லப்பட்டது என்று பொருள். விற்பனைக்காரர்கள் இதைப் பெருமையாக மின்னஞ்சலில் அனுப்பும் ஆபத்து உண்டு என்பதால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

சாக் 2-ல் சொதப்புவது எங்கே

முதலில், கட்டுப்பாட்டு வாசகத்தில். அளவுகோல் மட்டும்தான் ஏஐசிபிஏ தருவது. கட்டுப்பாட்டை எழுதுவது நீங்கள். டெம்ப்ளேட்டில் இருந்ததை அப்படியே ஒட்டினால், 'உடனடியாக', 'எல்லா', 'மாதந்தோறும்' போன்ற சொற்கள் கூடவே வந்துவிடும். அவற்றில் ஒவ்வொன்றும் உங்களுக்கு எதிரான சாட்சி. வார இறுதியில் ஆள் இல்லாத நிறுவனம் 'ஒரு வேலைநாளுக்குள்' என்று எழுத வேண்டும். அணுகல் மறுஆய்வை மாதாமாதம் செய்ய ஆள் இல்லையென்றால் காலாண்டுக்கு ஒருமுறை என்று எழுதிவிட்டு, தேதியை நாட்காட்டியில் போட்டுவிட வேண்டும். ஆறு மாதக் காலத்தில் காலாண்டு மறுஆய்வு இரண்டே முறைதான் வரும். தணிக்கையாளர் இரண்டையும் கேட்பார். ஒன்றை விட்டால் பாதி போச்சு.

இரண்டாவது, பட்டியலின் முழுமை. மாற்றக் கோரிக்கைகளில் 25 மாதிரி எடுப்பதற்கு முன், மொத்தம் எத்தனை என்று தணிக்கையாளர் கேட்பார். எக்ஸெல் கோப்பை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார், நீங்கள் பத்து வரியை அழித்திருக்கலாம் அல்லவா? வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிரா மென்பொருளில் போட்ட ஃபில்டர், வந்த வரிகளின் எண்ணிக்கை, கணினியின் தேதி, நேரம் எல்லாம் ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் தெரிய வேண்டும். உற்பத்திச் சூழலுக்கு நேரடியாகத் தள்ளிய அவசரத் திருத்தங்கள் ஜிராவுக்கே வந்திருக்காது. அவை கிட்ஹப்பின் மெர்ஜ் (நிரலோடு சேர்த்த மாற்றங்களின்) பட்டியலில் மட்டும் இருக்கும். எந்தப் பட்டியல் முழுமையானது என்பதைத் தணிக்கைக்கு முன்பே நீங்களே முடிவு செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அடியில் இருக்கும் கிளவுட். ஏடபிள்யூஎஸ் மாதிரியான துணைச் சேவையாளரின் கட்டுப்பாடுகளைச் சோதிக்காமல் வழக்கமாகக் கழித்துவிட்டு அறிக்கை எழுதுவார்கள். கழித்தாலும், அவர்களுடைய சாக் 2 அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை வாங்கிப் படித்ததற்கு நீங்கள் சான்று காட்ட வேண்டும். அந்த அறிக்கையில் வாடிக்கையாளர் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை நீங்கள் செய்கிறீர்களா என்று குறித்து வைத்த ஒற்றைப் பக்கம் போதும். பதிவிறக்கிய பிடிஎஃப் மட்டும் போதாது.

ஐஎஸ்ஓ-வில் சொதப்புவது எங்கே

இங்கே ஆபத்து வேறு மாதிரி: சான்றிதழ் வந்துவிடும், ஆனால் அதற்கு மதிப்பு இருக்காது.

இந்தியச் சந்தையில் ஒரு வாரத்தில், வீட்டு வாசலுக்கே வந்து ஐஎஸ்ஓ தருகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். சான்றளிக்கும் அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 27006 தரம், ஆட்களின் எண்ணிக்கையை வைத்துத் தணிக்கை நாட்களுக்கு அட்டவணை வைத்திருக்கிறது. 10 பேர் வரை 5 நாள், 46 முதல் 65 பேர் வரை 10 நாள் என்பது தொடக்க அளவு. எளிமையான அமைப்பு என்று காரணம் காட்டிக் குறைக்கலாம், அதற்கும் வரம்பு உண்டு. ஐம்பது பேர் நிறுவனத்துக்கு ஒரு நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வழியில்லை. சான்றிதழில் என்ஏபிசிபி, யுகேஏஎஸ், ஏஎன்ஏபி போன்ற, சான்றளிப்பவர்களுக்கே அங்கீகாரம் தரும் அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, சான்றளிப்பவரின் பெயரை அந்த அமைப்பின் தளத்தில் தேடுங்கள். உங்கள் வாடிக்கையாளரின் ஆளும் அதைத்தான் செய்வார்.

அடுத்தது ஸ்கோப், அதாவது சான்றிதழ் எந்த வேலைக்குப் பொருந்தும் என்ற எல்லை. சான்றிதழில் எழுதியிருக்கும் ஒற்றை வாக்கியம்தான் முழு விஷயமும். "சென்னை அலுவலகத்தின் ஐடி உதவிச் சேவை" என்று ஸ்கோப் போட்டால் தணிக்கை சுலபமாக முடியும். ஆனால் வாடிக்கையாளர் வாங்குவது உங்கள் மென்பொருளை. அந்தப் பொருளின் பெயரும், அதை உருவாக்கி இயக்கும் வேலையும் வாக்கியத்தில் இல்லையென்றால் விவரம் தெரிந்தவர் ஒரே நிமிடத்தில் ஒதுக்கிவிடுவார்.

உள்தணிக்கையும் வழக்கமாக மாட்டுகிற இடம். முழு அமைப்பையும் கட்டியவரே உள்தணிக்கையும் செய்து, "குறை எதுவும் இல்லை" என்று எழுதியிருப்பார். தன் வேலையைத் தானே தணிக்கை செய்வதைத் தரம் ஏற்காது. சிறிய நிறுவனத்தில் இதற்குத் தனி ஆள் வைக்க முடியாதுதான். வேறு பிரிவில் இருப்பவருக்குப் பயிற்சி கொடுத்துச் செய்யவைக்கலாம், அல்லது வெளியாளை அழைக்கலாம். குறையே இல்லாத உள்தணிக்கை அறிக்கைதான் வெளித் தணிக்கையாளரின் சந்தேகத்தை முதலில் கிளப்பும்.

இரண்டுமே கேட்காதவை

இந்தியச் சட்டம் இரண்டு காகிதத்துக்கும் வெளியே நிற்கிறது. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி வெளியிட்ட உத்தரவுப்படி, அதில் பட்டியலிட்ட சைபர் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்த சம்பவக் கொள்கையில் 72 மணி நேரம் என்று இருக்கலாம். சாக் 2 தணிக்கையாளர் அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடலாம்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. வெளிநாட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின்படி, இந்தியாவில் இல்லாதவர்களின் தரவைக் கையாளும் வேலைக்குச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்குத் தருகிறது. இதைக் கேட்டதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யும் கடமைக்கு அந்த விலக்கு இல்லை. அதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். உங்கள் சொந்த ஊழியர்களின் தரவுக்கோ அந்த விலக்கே பொருந்தாது. 93 கட்டுப்பாடுகளும் பச்சை நிறத்தில் இருந்தாலும், ஊழியரின் ஆதார் நகல் எச்ஆரின் பகிர்வுக் கோப்புறையில் எல்லோருக்கும் திறந்து கிடக்கலாம்.

எந்த வரிசையில்

வாடிக்கையாளர் எல்லோரும் அமெரிக்கர், ஒப்பந்தம் உடனே தேவை என்றால் வேறு வழியில்லை: டைப் 1 வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாளே டைப் 2-க்கான மூன்று மாதக் காலத்தைத் தொடங்குங்கள். டைப் 1-ஐ இரண்டாம் ஆண்டும் புதுப்பிப்பது வீண் செலவு. அது அவசரத்துக்கு உதவும் காகிதம், பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டே அதை ஏற்க மறுக்கும்.

கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, வாடிக்கையாளர்களும் கலந்திருக்கிறார்கள் என்றால் ஐஎஸ்ஓ-வை முதலில் எடுப்பதே நல்லது. காரணம் மேலே சொன்னதுதான். முதல் ஆண்டில் எல்லா நிறுவனமும் தடுக்கி விழும். அந்தத் தடுக்கல்கள் ஐஎஸ்ஓ-வில் உங்கள் அலமாரிக்குள் இருக்கும் திருத்த அறிக்கையோடு முடிந்துவிடும். சாக் 2-ல் வாடிக்கையாளரின் மேசைக்குப் போகும். ஆனால் ஐஎஸ்ஓ-வுக்காகச் சேர்க்கும் சான்றுகளை ஆரம்பத்திலிருந்தே சாக் 2 அளவுக்கு வைத்திருங்கள்: தேதியோடு, மொத்தப் பட்டியலோடு, யார் ஒப்புக்கொண்டார் என்ற பெயரோடு. இல்லையென்றால் இரண்டாம் ஆண்டு அதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

டைப் 2-க்குள் போன பிறகு காலங்களுக்கு இடையே இடைவெளி விடக்கூடாது. அறிக்கையின் காலம் செப்டம்பர் 30-ல் முடிகிறது, அடுத்த அறிக்கை அடுத்த ஆண்டின் இறுதியில்தான் வரும் என்றால், நடுவில் கேட்பவருக்கு கட்டுப்பாடுகள் மாறவில்லை என்று நிர்வாகம் கையெழுத்திட்ட பிரிட்ஜ் லெட்டர் ஒன்றைத் தரலாம். அதில் தணிக்கையாளரின் கையெழுத்து கிடையாது. வழக்கத்தில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளிக்கு அதை யாரும் ஏற்பதில்லை. அடுத்த காலம் அக்டோபர் 1-ஆம் தேதியே தொடங்குகிறது என்று சிபிஏ நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.