கேட்டில் கொடுத்த பயோடேட்டாவும் போர்ட்டலில் ஏற்றிய ரெஸ்யூமேயும்

அக்கா மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் வீட்டுக்கு வந்தவன் செல்போனை நீட்டினான். "மாமா, நௌக்ரி வேலை போர்ட்டல்ல மட்டும் இருநூறு இடத்துக்குப் போட்டுட்டேன். ஒரு கால்கூட வரல."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. கோவை கணபதியில் ஒரு சின்ன பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆள் எடுக்கும் வேலையும் என் தலையில்தான். அறுபது பேர் வேலை செய்யும் இடத்தில் எச்.ஆர். என்று தனியாக யாரை வைப்பார்கள்? எந்த வழியாக வரும் பயோடேட்டா மேசைக்கு வருகிறது, எது டிராயரிலேயே கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

போன வருஷம் எங்களுக்கு ஒரு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. மெஷினுக்கு ஒரு ஆபரேட்டரும் தேவைப்பட்டார்கள். இரண்டையும் போர்ட்டலில் போட்டோம். அக்கவுண்ட்ஸுக்கு இரண்டே நாளில் முந்நூற்றுச் சொச்சம் வந்து குவிந்தது. நான் திறந்து பார்த்தது நாற்பது இருக்கும். அதற்குள் மூன்று பேர் தேறிவிட்டார்கள், மிச்சத்தைத் தொடவே இல்லை. அதில் இவர்களைவிடக் கெட்டிக்காரர் இருந்திருக்கலாம். ஆபரேட்டர் இடத்துக்கு வந்தவை பதினொன்றுதான். பாதிப் பேர் வெளியூர், ஒருவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். கடைசியில் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கரும்பலகையில் "சி.என்.சி. ஆபரேட்டர் தேவை" என்று எழுதி வைத்தோம். திங்கள்கிழமை எழுதியது, வியாழனுக்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். எதிர் டீக்கடைக்கு வந்த பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்தான் இன்றைக்கும் எங்கள் மெஷினில் நிற்கிறார்.

மேசை வேலைக்குப் போர்ட்டல், கையில் கிரீஸ் படும் வேலைக்கு கேட். கோவை மாதிரி ஊரில் என் கணக்கு இதுதான்.

போர்ட்டலிலும் பலர் பாதிக் கதவைத்தான் தட்டுகிறார்கள். அப்ளை பட்டன் ஒரு வழி. இன்னொரு வழியில், காசு கட்டிய கம்பெனிகள் மொத்த ரெஸ்யூமே கிடங்குக்குள்ளும் தேடுகின்றன. டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், கோயம்புத்தூர், இரண்டு வருஷ அனுபவம், பழைய வேலையிலிருந்து விடுபட நோட்டீஸ் பீரியட் பதினைந்து நாள் என்று வடிகட்டிக்கொண்டே போகலாம். சமீபத்தில் உள்ளே வந்து போனவர்களை மட்டும் காட்டு என்றும் கேட்கலாம். நான் எப்போதும் அப்படித்தான் கேட்பேன். ஆறு மாதத்துக்கு முன் ஏற்றிவிட்டு மறந்தவரை அழைத்தால், "வேலை கிடைச்சிருச்சுங்க" என்ற பதில்தான் வரும். அதனால் இருநூறு முறை பட்டனை அழுத்தியவனைவிட, வாரம் ஒருமுறை உள்ளே போய் இரண்டு வரி திருத்துகிறவன் என் கண்ணில் படுவான். கடின உழைப்பாளி, டீம் பிளேயர் என்றெல்லாம் யாரும் தேடுவதில்லை. எந்த மெஷின், எந்த சாஃப்ட்வேர் என்றுதான் தேடுவோம்.

லிங்க்ட்இன் ஐ.டி.காரர்களுக்கும் பெரிய கம்பெனிக்குக் குறிவைப்பவர்களுக்கும் சரி. எங்கள் முதலாளிக்கு அதில் கணக்கே கிடையாது.

தெரிந்தவர் மூலம் போவதுதான் எல்லாவற்றிலும் வேகமானது. ஃபோர்மேன் "நம்ம பையன்தாங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டால் பாதி இன்டர்வியூ முடிந்த மாதிரி. வேடிக்கை என்னவென்றால், சொந்தக்காரர்கள் இதில் அவ்வளவு உதவ மாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த கம்பெனிகள்தான் அவர்களுக்கும் தெரியும். எப்போதோ ஒருமுறை பார்க்கும் பழைய கிளாஸ்மேட், சீனியர், சர்வீஸுக்கு வரும் என்ஜினியர் இவர்களிடம்தான் புதுச் செய்தி இருக்கும். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970-களிலேயே, வேலை மாறியவர்களை விசாரித்து இதைச் சொல்லிவிட்டார்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. என் முதல் வேலை பெரியப்பா சொல்லிக் கிடைத்தது. சம்பளம் எவ்வளவு என்று வாயைத் திறந்து கேட்க முடியவில்லை. நான்கு மாதம் சம்பளம் தள்ளித் தள்ளி வந்தபோதும் கேட்க முடியவில்லை. வேறு இடம் கிடைத்தும், பெரியப்பா முகத்துக்காக இன்னொரு வருஷம் ஓட்டினேன். போர்ட்டல் வழியாகப் போயிருந்தால் இரண்டாவது மாதமே பேப்பர் போட்டிருப்பேன்.

வேலைவாய்ப்பு அலுவலகம் என்றாலே எங்கள் தலைமுறைக்கு அந்தப் பதிவு அட்டை நினைவுக்கு வரும். அரசு வேலைக்குப் பதிவு மூப்புப்படி பெயர் போகும் என்று காத்திருந்த காலம் அது. அலுவலகம் அனுப்பும் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லோரையும் விண்ணப்பிக்க விட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வுகள்தான் இன்றைக்குப் பிரதான வாசல். ஆனாலும் பதிவை விட்டுவிடாதீர்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆன்லைனிலேயே புதுப்பிக்கலாம். ரொம்ப நாள் விட்டுவிட்டால் மூப்பு போய்விடும், அரசு எப்போதாவது சலுகை அறிவித்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

அதே கட்டடத்தில் நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் வேறு சமாச்சாரம். பல மாவட்டங்களில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடக்கும். கம்பெனிக்கும் கட்டணம் இல்லை, வருகிறவருக்கும் இல்லை. நானும் ஒருமுறை எங்கள் கம்பெனிக்காக மேசை போட்டு உட்கார்ந்தேன். காலையில் வந்த முதல் இருபது பேரிடம் நிதானமாகப் பேசினேன். பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தவர்களிடம் வாங்கி அடுக்கியதோடு சரி. பெரும்பாலும் ஆரம்பச் சம்பளம் குறைவான வேலைகள்தான். ஆனாலும் ஒரே காலையில் ஐந்து இன்டர்வியூ பழக வேறு இடம் கிடையாது. ஃப்ரெஷருக்கு அது சின்ன லாபம் இல்லை.

கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சி பற்றி ஒன்றே ஒன்று: யார் காசு கொடுக்கிறார் என்று பாருங்கள். ஒழுங்கான கன்சல்டன்சிக்குக் கம்பெனிதான் கொடுக்கும். நாங்கள் கொடுப்பது வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். வந்தவர் மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டால் வேறு ஆள் தர வேண்டும் என்பது பேச்சு. அந்த மூன்று மாதமும் "எப்படிப் போகுது தம்பி?" என்று அவர்கள் போன் செய்வது இதற்காகத்தான். ரிஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், லேப்டாப் டெபாசிட் என்று உங்களிடம் கேட்டால், ஐநூறு ரூபாய் என்றாலும் போனை வைத்துவிடுங்கள்.

அக்கா மகனுக்கு இன்னொன்றும் சொன்னேன். டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருஷ அப்ரண்டிஸ் பயிற்சி இருக்கிறது, குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. "அனுபவம் இருக்கா?" என்ற கேள்விக்கு ஒரு பதிலாவது ஆகும். அவனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சரி, பத்து பிரதி எடுத்துக்கொண்டு குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு நாள் நடந்து பார் என்றேன்.

செவ்வாய்க்கிழமை போயிருக்கிறான். ஆறு கேட்டில் "வெச்சுட்டுப் போ" என்றார்களாம். ஏழாவது கேட்டில் வாட்ச்மேன் பயோடேட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன் நம்பர் எங்கப்பா?" என்று கேட்டாராம். இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பேனாவைக் கொடுத்து, முதல் பக்கத்தில் பெரிசாக எழுதச் சொல்லியிருக்கிறார். மிச்சம் மூன்று பிரதியிலும் எழுதிக்கொண்டுதான் அடுத்த கேட்டுக்குப் போனானாம்.