சிவப்புக் கோடா, சோம்பல் ஓட்டமா: இன்ஜினை உண்மையில் தேய்ப்பது எது?

பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு கார்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத 1.5 லிட்டர் ஹோண்டா சிட்டி, மற்றொன்று 1.5 லிட்டர் டர்போ இன்ஜினும் கையால் மாற்றும் ஆறு கியர்களும் கொண்ட ஃபோக்ஸ்வாகன் விர்டஸ். சிட்டி மருமகனுடையது, விர்டஸ் மாமாவுடையது. மருமகன் நாள்தோறும் ஒரு முறையாவது, இன்ஜினின் சுற்று வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள்ளைச் சிவப்புக் கோடு என்ற உச்ச எல்லை வரை ஏற்றிவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். மாமாவோ நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளை, அதாவது 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டுவதையே வீண்செலவாகக் கருதி, முடிந்த இடத்திலெல்லாம் ஆறாவது கியரைப் போட்டுவிடுகிறார். இன்ஜினைக் கொல்வது மற்றவர்தான் என்பது இருவரின் தீர்மானமான கருத்து. அந்த வழக்கில் நடுவராக என்னை உட்கார வைத்ததன் விளைவே இந்த அலசல்.

முதலில் மாமாவின் அச்சத்தில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் முற்றிலும் நின்று திரும்புகிறது. அப்படி நிறுத்தித் திருப்பத் தேவைப்படும் விசை, வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. ஆகவே 3,300 ஆர்பிஎம்மில், பிஸ்டனை இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு தாங்கும் இழுவிசை, 6,600ல் இரண்டு மடங்காக அன்றி நான்கு மடங்காகிறது. சிட்டியின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம், 89.4 மில்லிமீட்டர் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், 6,600ல் பிஸ்டனின் உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 2,500 மடங்குக்கும் மேல் வருகிறது. பிஸ்டனின் எடை 300 கிராம் என்று கொண்டால், அந்தக் கணத்தில் ராடு முக்கால் டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை இழுத்துப் பிடிக்கிறது. இதில் மிகக் கடினமான கணம் புகையை வெளியேற்றும் ஸ்ட்ரோக்கின் உச்சியில் வருகிறது. எரிப்பின் அழுத்தம் மேலிருந்து தாங்காத அந்த இடத்தில், ராடின் போல்ட்டுகளே முழு இழுவையையும் ஏற்கின்றன.

ஆனால் இந்தக் கணக்கு இன்ஜினை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாததன்று. சிவப்புக் கோடு வரையப்படுவதே உலோகத்தின் களைப்பு, வால்வு ஸ்பிரிங்கின் திறன், ஆயில் பம்ப்பின் கொள்ளளவு எல்லாவற்றிலும் இடைவெளி விட்டுத்தான். அதற்கு மேலே போகவிடாமல் இன்ஜின் கணினி எரிபொருளையோ தீப்பொறியையோ துண்டித்துவிடுகிறது. பிஸ்டனின் சராசரி வேகம் என்ற அளவுகோலால் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விர்டஸின் 85.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டரும், சிட்டி 6,600ல் ஏறத்தாழ 20 மீட்டரும் தருகின்றன. 9,000 வரை சுற்றும்படி கட்டப்பட்ட பழைய ஹோண்டா எஸ்2000 நொடிக்கு 25 மீட்டரைத் தொட்டது. உயர் சுற்று தன்னளவில் இன்ஜினை உடைக்குமானால், எஸ்2000 போன்ற கார்கள் இருபது வருடங்களுக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பே இல்லை.

இனி மாமாவின் முறையைக் கூண்டில் ஏற்றுவோம். ஹெப்பாள் மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஆறாவது கியரில் 1,300 ஆர்பிஎம்மோடு போய்க்கொண்டு, முன்னால் ஓர் இடைவெளி கிடைத்ததும் கியரைக் குறைக்காமலேயே ஆக்சிலரேட்டரை ஆழ மிதிப்பது அவர் வழக்கம். பார்ப்பதற்கு இதைவிடச் சாந்தமான ஓட்டம் இல்லை. சத்தம் கூடக் கேட்காது. உள்ளே நடப்பது வேறு. கிராங்க் பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே உலோகம் உலோகத்தில் படாமல் காப்பது ஆயிலின் மெல்லிய படலம். தண்டு வேகமாகச் சுற்றச் சுற்றத்தான் அந்தப் படலம் தடிக்கும். குறைந்த சுற்றில் முழு பாரத்தை ஏற்றினால், எரிப்பின் உச்ச அழுத்தம் மிக மெல்லிய படலத்தின் மீது விழுகிறது. மிதித்தால் இன்ஜின் அடிக்கும், திணறும் என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்த நிலையைத்தான்.

நேரடி எரிபொருள் பீய்ச்சலும் டர்போவும் சேர்ந்த இன்ஜின்களில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குறைந்த சுற்றும் கடும் பாரமும் கூடும் வேளையில், எரியறையில் சேர்ந்த ஆயில் துளியோ கார்பன் துணுக்கோ, பிளக் பொறி வைப்பதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடுகிறது. அப்போது எழும் அழுத்தம் பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் கரையையே உடைக்கக்கூடியது. இதைக் குறைப்பதற்கென்றே 2018ல் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) எஸ்என் பிளஸ் என்ற ஆயில் தரமும், 2020ல் எஸ்பி என்ற தரமும் வந்தன. ஆயிலில் கால்சியம் சேர்மானத்தைக் குறைத்து மெக்னீசியத்தைக் கூட்டியது அதற்கான வழிகளில் ஒன்று. ஆயில் தொழிலே ஒரு புதிய தரத்தை வகுக்கும் அளவுக்குத் தலைவலி தந்த இந்தக் கோளாறு, அடித்து ஓட்டுபவரைவிட மாமாவைப் போன்றவரைத்தான் தேடி வருகிறது என்பதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் வருணிக்கப் போவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு மருமகன் மீசையை முறுக்கினார். அவர் மீதும் குற்றம் இருக்கிறது. அது எந்த எண்ணைத் தொடுகிறார் என்பதில் இல்லை, எப்போது தொடுகிறார் என்பதில் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் காரை எடுத்தவர், இரண்டே கிலோமீட்டரில் இந்திரா நகர் நூறடிச் சாலையின் காலியான நீளத்தைக் கண்டதும் இரண்டாம் கியரில் கடைசிவரை ஏற்றிவிடுகிறார். குளிர்ந்த நீரைக் காட்டும் நீல விளக்கு அணைந்துவிட்டதே என்பது அவர் சமாதானம். கூலன்ட் சூடாவதும் ஆயில் சூடாவதும் ஒன்றல்ல. ஆயில் வேலைக்குரிய சூட்டை அடைய நீரைவிட வெகுநேரம் எடுத்துக்கொள்கிறது. டிசம்பர் மாதத்துக் காலையில் வெப்பநிலை பதினைந்தை ஒட்டி இறங்கும் பெங்களூரில் அந்த இடைவெளி இன்னும் நீள்கிறது. கெட்டியாக இருக்கும் ஆயில் குறுகிய வழிகளில் மெதுவாகப் போகிறது. அதன் அழுத்தத்தால் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்துகொண்டால், வடிகட்டாத ஆயிலே பேரிங்குகளுக்குப் போய்ச் சேர்கிறது. அலுமினிய பிஸ்டன் சிலிண்டரின் உட்சுவரான இரும்பு லைனரைவிட விரைவாக விரிவதால், சூடு சமமாகப் பரவும் வரை இடைவெளிகளும் வடிவமைத்தபடி இருப்பதில்லை. பழைய பிஎம்டபிள்யூ எம்3 காரின் டேக்கோமீட்டரில் ஆயில் சூடாகும் வரை மேல் எண்களை விளக்குகள் மறித்து நிற்கும். சூடு ஏற ஏற அவை ஒவ்வொன்றாக அணையும். எல்லாக் காரிலும் அப்படி ஒரு காவலர் இருந்தால் என் வேலை மிச்சமாகியிருக்கும். அது இல்லாத கார்களில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டராவது அடக்கி ஓட்டிய பிறகே மேலே போவது என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு.

அடுத்த கேள்வி, சிவப்புக் கோட்டுக்குப் போவதால் கிடைப்பது என்ன என்பது. இங்கே இரண்டு இன்ஜின்களும் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன. விர்டஸின் 250 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, 1,600லிருந்து 3,500 வரையிலேயே கிடைத்துவிடுகிறது. 150 பிஎஸ் திறன் 5,000க்கும் 6,000க்கும் இடையில் சமமாக நிற்கிறது. ஆக, 6,000ல் டார்க் ஏறத்தாழ 175க்கு இறங்கியிருக்கும். அதற்கு மேல் விரட்டினால் சத்தம்தான் கூடும். சிட்டியிலோ 4,300ல் வரும் 145 நியூட்டன் மீட்டர், 6,600ல் கூட 129க்குத்தான் குறைகிறது; 121 பிஎஸ் முழுவதும் அந்த உச்சியில்தான் இருக்கிறது. அதோடு பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், காற்று மெலிந்த இடத்தில் இருப்பதால், டர்போ இல்லாத இன்ஜின் இங்கே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திறனை இழந்தே ஓடுகிறது. டர்போ தன் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றி அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ஆகவே மருமகன் மேல் சுற்றைத் தேடுவது வெறும் வெறி அன்று, அந்த இன்ஜினுக்கு அது தேவை. மாமாவுக்கு அது தேவையில்லை; 5,500ல் கியரை மாற்றினால் அவர் எதையும் இழக்க மாட்டார்.

கார்பனை எரிக்க அடிக்கடி ரேஸ் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு பாதி உண்மை. நெரிசலில் ஊர்ந்தே பழகிய காரில் பிளக்குகள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும் 450 டிகிரிச் சூட்டை எட்டுவதில்லை. ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகவும் வழி கிடைப்பதில்லை. நல்ல பாரத்தோடு ஒரு நீண்ட ஓட்டம் இரண்டையும் சீராக்கும். பிஸ்டனுக்குப் பதில் சுழலி கொண்ட மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜின் வைத்திருப்பவர்கள் அவ்வப்போது உச்சம் தொடுவதை ஒரு பராமரிப்பாகவே சொல்வார்கள். நேரடிப் பீய்ச்சல் இன்ஜின்களின் உள்வரும் வால்வுகளில் படியும் கார்பனுக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. அந்த வால்வுகளைக் கழுவிச் செல்ல அங்கே பெட்ரோலே வருவதில்லை.

நின்ற இடத்தில் நியூட்ரலில் ரேஸ் கொடுப்பதை இந்தப் போட்டியில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. பாரமில்லாத இன்ஜின் கண்ணிமைக்கும் நேரத்தில் உச்சத்துக்குப் பாய்கிறது. உச்சத்தைத் தாண்டவிடாத லிமிட்டரில் திரும்பத் திரும்ப முட்டுகையில், தீப்பொறியைத் துண்டிக்கும் அமைப்பாக இருந்தால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கக்கூடும். அதனால் கிடைப்பது பக்கத்து வீட்டாரின் வசவு மட்டுமே.

தவறான கியர் இறக்கம் அப்படி அற்பமானதன்று. நாலாவதிலிருந்து ஐந்துக்குப் போவதாக நினைத்து மூன்றில் போட்டுவிட்டால், சக்கரங்களே இன்ஜினை வலிந்து சுழற்றுகின்றன. எரிபொருளைத் துண்டித்து அதைத் தடுக்க எந்தக் கணினியாலும் முடியாது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் என் நண்பர் ஒருவர் இப்படி ஒரே இறக்கத்தில் வால்வுகளை வளைத்துக்கொண்டு, கயிறு கட்டிய காரோடு பெங்களூர் திரும்பினார். போர்ஷே கார்களின் கணினி எல்லை மீறிய சுற்றுகளைப் படிநிலை வாரியாகப் பதிவு செய்து வைப்பதும், பழைய கார் வாங்குபவர்கள் முதலில் அந்தப் பதிவைக் கேட்பதும் இதற்காகத்தான்.

செலவுப் பக்கம் மருமகனுக்குக் கொஞ்சம் கூடுதல். உச்சத்திலிருந்து சட்டென்று காலை எடுக்கும்போது உண்டாகும் வெற்றிடம் பிஸ்டன் வளையங்களின் வழியே ஆயிலை உறிஞ்சுவதால், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றும் இடைவெளியையும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். கிளட்சும் டயரும் முன்கூட்டியே கையை நீட்டும். சிட்டி இரண்டாம் கியரின் உச்சியிலேயே 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதால், ஊருக்குள் அதற்கு இடமே இல்லை என்பதையும் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

பத்து வருடம் வைத்துக்கொள்ளப் போகும் காருக்கு இந்த இரண்டு பழக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், ஆயில் சூடான பிறகு சிவப்புக் கோட்டைத் தொடும் பழக்கத்தையே எடுப்பேன். ஆறாவது கியரில் அழுத்தி மிதிப்பதை எந்த இன்ஜினுக்கும் எடுக்க மாட்டேன். போன ஞாயிறு மாமாவோடு கிருஷ்ணகிரி வரை போய் வந்தேன். லாரியைத் தாண்டும்போது இரண்டு முறை தாமாகவே நாலாவது கியருக்கு இறக்கினார்; மூன்றாவது முறை மறந்துவிட்டு, இன்ஜின் திணறியதும் என் பக்கம் திரும்பாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.