போனில் துருவ ஒளி: சில குளிர்காலங்களுக்குப் பிறகு

நார்வேயின் ட்ரோம்சோ பக்கம் சில குளிர்காலங்களாகத் துருவ ஒளியை (அரோரா) ஒரே ஆண்ட்ராய்டு போனில்தான் எடுத்து வருகிறேன். நன்றாகவே வருகிறது. ஆனால் இருட்டில் எடுப்பதற்கென்று போனே எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளும் நைட் மோடை மட்டும் நம்பியிருந்தால் பாதிதான் கிடைக்கும்.

வானத்தில் மங்கலான பட்டை ஒன்று அசையாமல் நிற்கும்போது நைட் மோடு போல வசதி வேறில்லை. குறைந்த வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரியாது, வெறும் சாம்பலாகத் தெரியும். சென்சார் சில விநாடிகள் ஒளியைச் சேர்த்து வைப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் உமிழும் பச்சை (அலைநீளம் 557.7 நானோமீட்டர்) படத்தில் வந்துவிடுகிறது. மேலே இருப்பது மேகமா, அரோராவா என்று குழப்பம் வந்தால் போனைத் தூக்கி ஒரு படம் எடுத்துப் பார்ப்பேன், தெரிந்துவிடும்.

ஒளி ஆடத் தொடங்கினால் கதை வேறு. ஸ்டாண்டில் வைத்த ஐபோனின் நைட் மோடு 30 விநாடி வரை போகும். கூகுளின் பிக்சல் போனில் நட்சத்திரங்களுக்கான வசதி 4 நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். நட்சத்திரத்துக்குச் சரி. திரைச்சீலைபோல மடிந்து ஓடும் ஒளிக்கு அவ்வளவு நேரம் கொடுத்தால் மடிப்பெல்லாம் கரைந்து வெறும் பச்சைப் பூச்சுதான் மிஞ்சும்.

அதனால் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடுக்குப் போய்விடுவேன். ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 1600, ஃபோகஸ் முடிவிலி. ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஒளி வேகமாக ஓடினால் 1 அல்லது 2 விநாடி, மந்தமாக இருந்தால் 8 வரை. படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை 3500 முதல் 4000 கெல்வினுக்குள் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். முதன்மை லென்ஸ் மட்டுமே. அகலக்கோண லென்ஸில் முன்னால் இருக்கும் மலையும் சேர்ந்து அழகாக விழும்தான், ஆனால் புள்ளி புள்ளியாக இரைச்சல் தாங்காது. ஸ்டாண்ட், 2 விநாடி டைமர் இரண்டும் கட்டாயம். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், பக்கத்தில் நிற்பவர்கள் வாழ்த்துவார்கள்.

சிவப்பு அபூர்வம். அது 200 கிலோமீட்டருக்கு மேலே உருவாவது, பெரும்பாலும் மங்கல். 2024 மே 10 இரவு வந்த பெரும் காந்தப் புயலில் லடாக்கின் ஹான்லேயில்கூட அது கேமராவில் பதிவானது. இங்கே மே மாதத்தில் இருட்டே கிடையாது. வடக்கில் இருந்து என்ன பயன்!

குளிர்தான் போனுக்குப் பெரிய எதிரி. பேட்டரியில் கால்வாசி மிச்சமிருக்கும்போதே அணைந்துவிடும். எடுக்காத நேரத்தில் போனையும் பவர் பேங்கையும் கோட்டின் உள்பாக்கெட்டில் வைக்கிறேன். வீட்டுக்குள் நுழையும் முன் போனை ஜிப் கவரில் போட்டு மூடிவிடுவேன், இல்லையென்றால் லென்ஸில் நீர் பூத்துவிடும்.

வீடியோ? ஒளி மிகப் பிரகாசமாக இருந்தால் மட்டும் தேறும். அப்புறம், போன் திரையில் அசத்தும் படத்தைப் பெரிய மானிட்டரில் போட்டால் நட்சத்திரங்கள் கொஞ்சம் அப்பியிருக்கும். போன் மெருகேற்றாத ரா கோப்பாகச் சேமித்தால் இரைச்சலை நம் விருப்பப்படி குறைத்துக்கொள்ளலாம், துருவ ஒளியின் கீழ் விளிம்பில் தெரியும் ஊதாவையும் இழக்காமல் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது போதுமாக இருக்கிறது. புதுப் போன் வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, காற்றில் ஆடாத கனமான ஸ்டாண்ட் ஒன்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.