பாரிஸில் குழந்தைகளோடு தங்க வீடு தேடுகிறவர்கள் படியுங்கள்: எங்கள் 1,180 யூரோ போய்விட்டது

நேற்றிரவு பதினோரு மணிக்குத்தான் ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் இன்னும் தூங்குகிறார்கள், பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன், இன்னொரு குடும்பம் அதே வாசலில் போய் நிற்கும். முதலில் நடந்ததைச் சொல்கிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

போனது 1,180 யூரோ. நம் ஊர்க் காசுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல்.

மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்றரை. ஈஸ்டர் விடுமுறையில் ஐந்து இரவு பாரிஸில் தங்கலாம் என்று ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டோம். இங்கிருந்து நேர் ரயில் இருக்கிறது, மூன்றேகால் மணி நேரம். கைக்குழந்தையோடு போக ரயில்தான் நல்லது. எழுந்து நடக்க விடலாம், பால், தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

கஷ்டமெல்லாம் தங்குமிடம்தான். பாரிஸ் ஹோட்டல் அறைகள் சின்னவை, பெரும்பாலும் இரண்டு பேருக்கானவை. ஆறு பேருக்கு மூன்று அறை எடுத்தால் அது வேறு வேறு மாடியில் கிடைக்கும், விலையும் கட்டாது. அம்மாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். மகன் பருப்பு சாதம் இல்லாமல் தூங்க மாட்டான். ஆக, சமையலறை வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் லிஃப்ட் வேண்டும். பாரிஸில் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, ஐந்தாவது மாடி என்றாலும் சுழல் படிதான். இரண்டு படுக்கையறை, சமையலறை, லிஃப்ட், குழந்தைக்குக் கட்டில். நான்கையும் போட்டுத் தேடினால் ஒன்று காசுக்கு எட்டாது, இல்லை ஊருக்கு வெளியே ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும்.

மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகத் தேடினேன். அப்புறம்தான் அந்த வீடு வந்தது. வீடுகளை நாள் வாடகைக்கு விடும் பெரிய தளம் ஒன்றில், பெயர் வேண்டாம். 10-ம் வட்டாரம், கார் து லெஸ்ட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். இன்னும் கொஞ்சம் வடக்கே நடந்தால் லா ஷப்பேல், நம் ஆட்களின் கடைகள், மாணிக்க விநாயகர் கோயில். அம்மா கோயில் பக்கத்தில் இருக்கிறது என்றதுமே சந்தோஷப்பட்டுவிட்டார். படத்தில் உயரமான ஜன்னல்கள், இரும்புக் கம்பி போட்ட சின்ன பால்கனி, சமையலறை அடுப்பின் மேல் ஒரு மஞ்சள் கெட்டில். அந்த மஞ்சள் கெட்டிலை நான் இனி மறக்கப்போவதில்லை.

செய்தி அனுப்பினேன். வீட்டுக்காரி என்று சொல்லிக்கொண்ட பெண் அரை மணி நேரத்தில் பதில் போட்டாள். நல்ல ஆங்கிலம். தளத்தின் செய்திப்பெட்டி தனக்குச் சரியாக வேலை செய்யவில்லை, வாட்ஸ்அப்புக்கு வர முடியுமா என்று கேட்டாள். வந்தேன்.

அடுத்து அவள் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. குழந்தைகளுக்கு என்ன வயது என்று கேட்டாள். சின்னவன் இரவில் எழுந்துகொள்வானா, உருளுவானா, பக்கத்தில் கம்பி வைத்த கட்டில் வேண்டுமா என்று கேட்டாள். என் மகனும் அப்படித்தான் இருந்தான், இப்போது அவனுக்கு ஏழு வயது, அவனுடைய பழைய கட்டில் மேலே பரணில் இருக்கிறது, இறக்கி வைக்கிறேன் என்றாள். மறுநாள் காலை ஒரு படம் வந்தது. ஜன்னல் ஓரம் வெள்ளைக் கட்டில், அதில் மடித்து வைத்த நீலப் போர்வை, ஒரு முயல் பொம்மை. "உங்கள் மகனுக்காகத் தயார்."

அந்தப் படத்தைப் பார்த்த நிமிஷம்தான் நான் ஏமாந்த நிமிஷம். பணம் அனுப்பியது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான், ஆனால் மனதில் எல்லாம் அந்தக் கட்டிலோடு முடிந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் காட்டினேன். "முன்பின் தெரியாத ஊர்ல நம்ம புள்ளைக்குப் போர்வை மடிச்சு வச்சிருக்கா பாரு" என்று அம்மா சொன்னார். என் பிள்ளையின் தூக்கத்தைத் தூண்டில் புழுவாகப் போட்டிருக்கிறார்கள். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

தளம் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், நேரடியாக வங்கியில் போட்டால் 1,310 யூரோவை 1,180 ஆக்கித் தருகிறேன் என்று பிறகு சொன்னாள். "சைட்லயே கட்டிடலாமே, எதுக்கு ரிஸ்க்?" என்று என் கணவர் கேட்டார். கட்டில் வரைக்கும் யோசிக்கிற மனுஷியைச் சந்தேகப்படாதீங்க என்று நான்தான் சொன்னேன்.

வங்கிச் செயலியில் கணக்கு எண்ணைப் போட்டேன். பிரான்ஸ் கணக்கு எஃப்.ஆர். என்று தொடங்கும். இது எல்.டி. என்று தொடங்கியது, அதாவது லிதுவேனியா. கேட்டதற்கு, கணவர் அங்கே வேலை செய்கிறார், வாடகைப் பணமெல்லாம் அவர் கணக்குக்குத்தான் போகும் என்றாள். அனுப்பு என்று அழுத்தியதும் திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது: பெறுபவர் பெயரும் கணக்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லை. யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் 9 முதல் எல்லா வங்கிகளும் இந்தப் பெயர்ச் சரிபார்ப்பைச் செய்தாக வேண்டும். நம்மைக் காப்பாற்றத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். எனக்கும் அது சரியான நேரத்தில் சரியாகத்தான் சொன்னது. கணவர் கணக்கு என்றாளே, அதனால்தான் பெயர் பொருந்தவில்லை என்று நினைத்து 'தொடர்க' அழுத்தினேன். உடனடிப் பரிமாற்றம். பத்து நொடியில் 1,180 யூரோ போய்விட்டது.

போய்ச் சேர்ந்த அன்று மாலை ஐந்து மணி, மழை தூறிக்கொண்டிருந்தது. ஆறு பேர், நான்கு பெட்டி, ஒரு தள்ளுவண்டி. கட்டடம் நிஜமாகவே இருந்தது, எண்ணும் சரி. வாசலில் பொத்தான் பலகை, அவள் அனுப்பிய ரகசிய எண்ணைப் போட்டால் சிவப்பு விளக்கு. திரும்பத் திரும்பப் போட்டேன். போன் அடித்தேன், போகவில்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். முகப்புப் படம் காணாமல் போயிருந்தது. மகள், "அம்மா, கட்டில் ஆன்ட்டி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உள்ளேயிருந்து வந்த ஒரு வயதான பெண்மணிக்கு போனில் படங்களைக் காட்டினோம். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான்காவது மாடி என்று சொன்னதும் தலையை ஆட்டி, வாயைத் திறந்து பல்லைத் தொட்டுக் காட்டினார். நான்காவது மாடியில் இருப்பது பல் மருத்துவமனை. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு வீடே கிடையாது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "எவ்வளவும்மா போச்சு? நான் தந்துடறேன்" என்றார். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்.

வேறு போக்கிடம் தெரியாமல் லா ஷப்பேல் பக்கம் நடந்தோம். மெட்ரோவில் போயிருக்கலாம், ஆனால் 14-ம் லைனைத் தவிர்த்தால் பாரிஸ் மெட்ரோவில் லிஃப்ட் இல்லாத நிலையங்கள்தான் அதிகம். தள்ளுவண்டியையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு படி ஏற முடியாது. ஒரு பலசரக்குக் கடை ஓரம் ஒதுங்கி நின்றபோது கடைக்கார அக்கா வெளியே வந்து பார்த்தார். "ஏன் பிள்ளை, சின்னப் பிள்ளையளோட மழையில நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ." யாழ்ப்பாணத்துக்காரர். பாலைச் சூடாக்கித் தந்தார், அம்மாவை உட்கார வைத்து இடியப்பம் கொடுத்தார், தெரிந்தவர்களுக்குப் போன் போட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் இரண்டு அறை பிடித்துக் கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. அக்கா, நீங்கள் இதைப் படிக்க வாய்ப்பில்லை, இருந்தாலும் சொல்கிறேன், உங்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

ஐந்து இரவு இரண்டாகச் சுருங்கியது. அதற்கு மேல் ஹோட்டலுக்குக் கொடுக்க எங்களிடம் இல்லை. ஈஃபிள் கோபுரத்தைக் கீழேயிருந்து பார்த்தோம், கோயிலுக்குப் போனோம், திரும்பினோம்.

இனி அந்த இரண்டு நாளில் நாங்கள் அலைந்த கதை. தளத்தின் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். முன்பதிவு எண் கேட்டார்கள். நேரடியாகக் கட்டினேன் என்றதும், "எங்கள் கணக்கில் அப்படி ஒரு முன்பதிவே இல்லை, வருந்துகிறோம்." விளம்பரம் உங்கள் தளத்தில்தானே இருக்கிறது, அதையாவது எடுங்கள் என்றேன். சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். மறுநாள் மின்னஞ்சல்: உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? பதில் எழுதினால், இந்த முகவரியில் பதில்கள் படிக்கப்படுவதில்லை என்று திரும்பி வந்தது.

வங்கியில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். உடனடிப் பரிமாற்றத்தை நிறுத்த முடியாது, திரும்பக் கேட்டு அந்த வங்கிக்கு ஒரு கோரிக்கை அனுப்பலாம், ஆனால் கணக்குக்காரர் சம்மதிக்க வேண்டும் என்றார். திருடியவளின் சம்மதம்! பெயர் பொருந்தவில்லை என்று எச்சரித்தும் நீங்கள் தொடர்ந்ததால் வங்கிக்குப் பொறுப்பில்லை என்று இரண்டு தடவை சொன்னார். 1,180 யூரோ என்றேன். புரிகிறது என்றார். போலீஸுக்கு ஆன்லைனில் புகார் கொடுத்தோம், ஒரு கோப்பு எண் வந்திருக்கிறது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

திரும்பி வரும் ரயிலில் அந்தக் கட்டில் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். விளம்பரப் படங்களில் ஆள் உயர ஜன்னல்கள். கட்டில் படத்தில் இருப்பது பிளாஸ்டிக் ஷட்டர் போட்ட சின்ன ஜன்னல். வேறு வீடு, வேறு யாரோ ஒருவருடைய குழந்தையின் கட்டில். படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்தேன், அந்த மஞ்சள் கெட்டில் சமையலறை வேறொரு நாட்டு வீட்டு விளம்பரத்தில் இருக்கிறது. இதைச் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மகன் எழுந்துவிட்டான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் தளத்துக்கு வெளியே பணம் கட்டாதீர்கள். வாட்ஸ்அப்புக்கு வா என்று கூப்பிட்டாலே அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வங்கி, பெயர் பொருந்தவில்லை என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், அவர்கள் என்ன காரணம் சொன்னாலும் சரி. பாரிஸில் நாள் வாடகை வீட்டு விளம்பரத்தில் நகராட்சிப் பதிவு எண் போட வேண்டும் என்பது 2017 முதலே விதி. எண் இல்லாவிட்டால் கேளுங்கள், நான் பார்த்த விளம்பரத்தில் இல்லை. படங்களைத் தேடிப் பாருங்கள். குழந்தையைப் பற்றி அதிகமாக விசாரிக்கிறவர்களிடம் கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டுக்குள்ளிருந்து ஒரு வீடியோ அழைப்பு. நான் கேட்கவில்லை.

இன்று காலை ஏழு மணிக்குத் தளத்தில் பார்த்தேன். வேறு பெயரில் ஒரு விளம்பரம், இப்போது 18-ம் வட்டாரம், அதே உயரமான ஜன்னல்கள், அதே மஞ்சள் கெட்டில். குழந்தைக் கட்டில் உண்டு என்று போட்டிருக்கிறது. கோடை விடுமுறைக்கு யாராவது அவளோடு பேசிக்கொண்டிருந்தால் பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்த நிமிஷமே உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள்.