போஸ்ட்கிரெஸ் 17: இன்கிரிமென்டல் பேக்கப் வசதி எப்படி?

மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் தரவுத்தள நிர்வாகிகளாக இருக்கும் நம் தமிழ் நண்பர்களுக்குச் சூறாவளி எச்சரிக்கை வந்தாலே முதல் கவலை பேக்கப்தான். 2024 செப்டம்பரில் வெளிவந்த தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 17, முழுத் தரவுத்தளத்தையும் ஒவ்வொரு முறையும் நகலெடுக்காமல், முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறிய பிளாக்குகளை (தரவுக் கோப்புகளின் சிறு பகுதிகளை) மட்டும் எடுக்கும் வசதியைத் தன்னுள்ளேயே கொண்டுவந்தது மிகவும் வரவேற்கத்தக்கது. இதற்கு, மாற்றப் பதிவுகளைச் சுருக்கி வைக்கும் 'சம்மரைஸ்_வால்' (summarize_wal) அமைப்பை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும். முந்தைய பேக்கப்பின் மேனிஃபெஸ்ட் கோப்பும் (அதிலுள்ள கோப்புகளின் பட்டியல்) பத்திரமாக இருக்க வேண்டும். மீட்கும்போது முழு பேக்கப்பையும் அடுத்தடுத்தவற்றையும் வரிசை மாறாமல் கொடுத்தால், 'பிஜி_கம்பைன்பேக்கப்' (pg_combinebackup) என்ற கருவி அவற்றை ஒன்றாக்கித் தருகிறது. ஆனால் இடையில் ஒன்று தொலைந்தால் அதைச் சார்ந்து பின்னர் எடுத்தவை பயன்படா. எதை அழிக்கலாம், எதை வைத்திருக்க வேண்டும் என்று மென்பொருள் கணக்கு வைப்பதில்லை என்பது பெருங்குறை. அந்தக் கணக்கை ஒழுங்காகப் பராமரிக்கக்கூடிய சிறு குழுக்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.