பராக்ஸெடினை விட்டு வந்த அனுபவம்

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற பராக்ஸெடின் என்ற மாத்திரையைச் சாப்பிடாமல் இந்த அக்டோபரோடு இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஏறக்குறைய ஏழு வருடம் விடாமல் சாப்பிட்டேன். நான் தேடித் தவித்தபோது இப்படி ஒரு அனுபவத்தைத் தமிழில் யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் 2021இல் செய்த தவறு அதுதான்.

2016 ஆகஸ்ட். ஈரோட்டிலிருந்து கோவைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பெருந்துறை தாண்டியதும் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல்கள் மரத்துப்போயின, மூச்சு உள்ளே போகவே மாட்டேன் என்றது. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். "கேஸா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த மூன்று மாதத்தில் நான்கு தடவை எமர்ஜென்சிக்கு ஓடினேன். கடைசியில் ஒரு பொது மருத்துவர்தான் மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார். அங்கேதான் அதற்கு பேனிக் அட்டாக் என்று பெயர் என்பதே தெரிந்தது. பராக்ஸெடின் சிஆர் 12.5 மி.கி., பிறகு 25. முதல் மாதம் மட்டும் கூடவே பதற்றத்தைச் சட்டென்று தணிக்கிற குளோனாசெபம்.

மாத்திரையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆறு வாரத்தில் அட்டாக் நின்றது. தூங்கினேன், வேலைக்குப் போனேன், பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன். அது இல்லையென்றால் அந்த வருடத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் வருடங்கள் போகப்போக ஒன்பது கிலோ எடை கூடியது. இரவில் தலையணை நனைகிற அளவுக்கு வியர்த்தது. தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லாமல் போனது. இதை டாக்டரிடம் சொல்லவே எனக்கு மூன்று வருடம் ஆனது. 2019இல் அப்பா இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் இருந்தது, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. இத்தனைக்கும் நடுவில் கோவை பஸ்ஸில் நான் மறுபடி ஏறவேயில்லை. அட்டாக் நின்றுவிட்டதே தவிர, அது வந்துவிடுமோ என்ற பயம் அப்படியேதான் இருந்தது.

2021 ஜூனில், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நானாகவே 25 மி.கி.யை ஒரேயடியாக நிறுத்தினேன். மூன்றாம் நாள் காலை சமையலறையில் தலையைத் திருப்பினேன், மண்டைக்குள் சுருக்கென்று ஷாக் அடித்தது. கண்ணைப் பக்கவாட்டில் அசைத்தாலே அடித்தது. தலைசுற்றல், குமட்டல், விடிய விடிய கனவு, காரணமே இல்லாத எரிச்சல். குக்கர் விசில் சத்தத்துக்குக்கூட அழுதேன். பத்தாம் நாள் டாக்டரிடம் போனபோது, "பழைய நோய் திரும்பிவிட்டது, உங்களுக்கு இது வாழ்நாள் முழுக்க வேணும்மா" என்றார். நானும் நம்பினேன். அன்று இரவு மாத்திரை போட்டேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஷாக், தலைசுற்றல் எல்லாம் காணாமல் போய்விட்டன. முதல்முறை பலன் தெரிய ஆறு வாரம் எடுத்துக்கொண்ட மாத்திரை இப்போது ஒரே நாளில் எப்படி சரி செய்தது? அந்தக் கேள்விதான் என்னை வேறு மருத்துவரிடம் கொண்டுபோனது.

அவர் பொறுமையாக விளக்கினார். நிறுத்திய சில நாட்களுக்குள் வந்து, முன்பு இல்லாத ஷாக், தலைசுற்றல் போன்றவை சேர்ந்திருந்து, மாத்திரை போட்டதும் சட்டென்று மறைந்தால் அது பெரும்பாலும் மருந்து விலகும் தொந்தரவு. நோய் திரும்புவது பொதுவாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில், மெதுவாக, பழைய முகத்தோடேயே வரும். பராக்ஸெடின் ஒரு நாளைக்குள் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அதனால் இந்தத் தொந்தரவு அதில் அதிகம். இதே வகையைச் சேர்ந்த ஃப்ளூவாக்ஸெடின் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், அதில் குறைவு. ஏழு வருடத்தில் இதை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். ஆரம்பிக்கும்போதே சொல்லவேண்டிய விஷயம் இது.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு மிகவும் உதவியது. இந்த வகை மாத்திரைகள் சாதாரண சிகிச்சை அளவிலேயே மூளையில் செரோடோனின் என்ற ரசாயனத்தை உறிஞ்சும் இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 20 மி.கி.யை 10 ஆக்கினால் அதில் கொஞ்சம்தான் விடுபடும். 5ஐ பூஜ்யம் ஆக்கினால் பெரும்பகுதி ஒரேயடியாக விடுபடும். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் 2019இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் இதை எழுதியிருக்கிறார்கள். ஹோரோவிட்ஸ் மனநல மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர், தானே இந்த வகை மாத்திரையை விட முடியாமல் தவித்தவர். ஆகவே பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று போகவேண்டும். கடைசிப் படிகள்தான் மிகச் சின்னதாக இருக்கவேண்டும்.

சிஆர் மாத்திரையை உடைக்கக்கூடாது. மருந்து மெதுவாக வெளியேறும்படி செய்தது, உடைத்தால் அது கெட்டுவிடும். அதனால் 2022 பிப்ரவரியில் 25ஐ 12.5 சிஆர் ஆக்கி, பிறகு அதற்கு ஈடான சாதாரண 10 மி.கி. மாத்திரைக்கு மாற்றினார். மெடிக்கலில் ஒரு மாத்திரை கட்டர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை இரவு எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு வாரத்துக்கானதை வெட்டுவேன். முக்கால், அரை, கால். ஒவ்வொரு படியிலும் ஆறேழு வாரம். அரையிலிருந்து காலுக்கு இறங்கியபோது மறுபடி ஷாக், மறுபடி அழுகை. டாக்டர் கொஞ்சமும் கோபப்படாமல் ஒரு படி மேலே ஏற்றினார்: காலும் அரைக்காலும், அதாவது 3.75. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அரைக்கால்ல பாதி மாகாணி கண்ணு, அதுக்கும் கீழ போவோணுமா?" என்று கேட்டார். கடைசி இரண்டு மாதம் நான் சாப்பிட்டது அந்த மாகாணிதான், ஒரு துணுக்கு, 0.6 மி.கி. சுமார். துண்டுகள் ஒரே சீராக வராது. நொறுங்கும். வாரக் கணக்கில் சராசரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்றார் டாக்டர். அப்படித்தான் ஆனது. மொத்தம் இருபது மாதம். கால் மாத்திரையில் இருந்த ஒரு மதியம், பீரோவில் அப்பாவின் பழைய கதர்த் துண்டு கைக்குப் பட்டது. அரை மணி நேரம் அழுதேன். அது விலகும் தொந்தரவு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஆனால் குறைத்தது மட்டுமே என்னைக் காப்பாற்றவில்லை. குறைக்க ஆரம்பிப்பதற்கு முன்பே டாக்டர் என்னை சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு அனுப்பினார். எம்.ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி முடித்து, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ளவரா என்று பார்த்துப் போகச் சொன்னார். இதை நீங்களும் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. மொத்தம் 16 அமர்வுகள். நான் ஏதோ ஆறுதலாகப் பேசுவார்கள் என்று நினைத்துப் போனேன். மூன்றாவது அமர்வில் அந்த உளவியலாளர் ஒரு ஜூஸ் ஸ்ட்ராவைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். அப்புறம் சுழல் நாற்காலியில் சுற்றச் சொன்னார். அப்புறம் வேகவேகமாக மூச்சு. விரல் மரத்தது, தலை கிறுகிறுத்தது, அதே பெருந்துறை அறிகுறிகள். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால்தான் மரத்துப்போகிறது என்று அப்போதுதான் புரிந்தது. எதை மரணம் என்று நினைத்தேனோ அதை நானே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வரவழைக்க முடிந்தது. அது தானாகப் போகவும் செய்தது.

அடுத்தது நான் பாதுகாப்பு என்று பிடித்துக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக விடுவது. தண்ணீர் பாட்டில், கதவோர சீட், போனில் கணவர், பர்ஸில் ஒரு குளோனாசெபம் அட்டை. இவை இருக்கும்வரை "இதனால்தான் பிழைத்தேன்" என்றே மனசு சொல்லும். நோட்டில் இரண்டு கட்டம் போட்டேன்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், என்ன நடந்தது. முதல் வாரம் டவுன் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப். பிறகு சித்தோடு. பிறகு பவானி. "மயங்கி விழுவேன்" என்று பதினொரு தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட விழவில்லை. பர்ஸிலிருந்த அட்டையை விடத்தான் அதிக நாள் ஆனது.

எல்லோருக்கும் இதே வழி என்று சொல்லமாட்டேன். திரும்பத் திரும்ப கடுமையான மனச்சோர்வு வருகிறவர்கள், தற்கொலை எண்ணம் இருந்தவர்கள் மாத்திரையைத் தொடர்வதே சரியாக இருக்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பேசவே ஆள் இல்லை என்றால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசுகிறார்கள். எனக்கு இப்போது எடையில் ஆறு கிலோ இறங்கியிருக்கிறது. வியர்வை நின்றுவிட்டது. இரவுத் தூக்கம் முன்பு போல ஆழமாக இல்லை, அதையும் சொல்லவேண்டும்.

போன ஜூலையில் ஒரு அட்டாக் வந்தது. கோவை பஸ், நடு சீட், பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். நெஞ்சு அடித்தது, விரல் மரத்தது. இறங்கவில்லை, போனை எடுக்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வா என்று உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்தது. அவிநாசி வந்தபோது அந்தக் குழந்தை என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருந்தது. கோவை வரும்வரை நான் அதை இழுக்கவில்லை.