ஒட்டுவதா, நிறுத்துவதா: செட்டிநாட்டுக் கூடத்தில் எதிரொலி

காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பாட்டனார் வீட்டு முன்கூடத்தில் வீணை வகுப்பு தொடங்கிய அன்றே சிக்கல் தெரிந்தது. ஒரு கைதட்டல் அடங்க ஏறக்குறைய 3 விநாடி ஆனது. ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புச் சுவர், 15 அடி உயரம். ஒலியை வாங்கிக்கொள்ள அங்கே எதுவுமே இல்லை. ஒரு கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) ஓய்வதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறியது.

ஜமக்காளமும் திரைச்சீலையும் மலிவு. ஆனால் மெல்லிய துணி மேல்ஸ்தாயியை மட்டும் மங்கச் செய்கிறது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த நாதம் தரும் இடப்பக்கம், அப்படியே முழங்கும்.

எஞ்சியவை இரண்டு: சுவரில் ஒட்டும் ஃபோம், சுவரைத் தொடாமல் நிற்கும் தட்டி. ஃபோமுக்குச் செலவு குறைவு, ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் பிறகு அதை எப்படிக் கழற்றுவது? கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை ஒட்டி, ஒரு மாதம் கழித்து உரித்தேன். பசையோடு மேல்பூச்சும் பெயர்ந்து வந்தது. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்து அரைத்து இழைத்து மெருகேற்றிய பூச்சு அது. அந்தப் பளபளப்பை மீட்டுத் தரும் கொத்தனார் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். மேலும் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதை மூடி ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு உப்பிவிடும். என் முடிவு அந்தக் கதவுக்குப் பின்னாலேயே தீர்ந்துவிட்டது.

தச்சரிடம் 6 அடி உயரம், 3 அடி அகலத்தில் எட்டு மரச்சட்டங்கள் செய்யச் சொன்னேன். உள்ளே 2 அங்குல ராக் வுல் (பாறையை உருக்கி இழைத்த நார்), மேலே கைத்தறித் துணி. துணி வாங்கும்போது வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று புகுந்தால்தான் ஒலியும் புகும். தட்டிகளைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றின் அசைவு மிகக் குறைவு, விலக விலகக் கூடும். நார் அடக்குவது அந்த அசைவைத்தான். எதிரொலி இப்போது பாதியாகியிருக்கிறது. வீட்டில் திருமணம் வந்தபோது அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்கு நகர்த்திவிட்டோம்.

செலவு ஃபோமைவிட மூன்று மடங்குக்கு மேல். இதுவரை ஒரே ஒரு மழைக்காலத்தைத்தான் இவை பார்த்திருக்கின்றன, அதனால் ஆயுளுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். தொப்பியின் அடிநாதம் மூலைகளில் இன்னும் சற்றுத் தேங்குகிறது. அங்கே நிற்கும் இரண்டு தட்டிகளை மட்டும் 4 அங்குலத் தடிமனுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.